பதினான்காம் தடம்

காலை நாலே முக்கால்.
தெர்மாமீட்டர் மைனஸ் முப்பத்தொன்பது என்கிறது.
நாற்பதைத் தொட்டால் பள்ளிப் பேருந்து ஓடாது என்பது விதி.
அந்த ஒரு டிகிரிக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

எங்கள் பள்ளிப் பிரிவில் ஆறு ஊர், ஆறு பள்ளி.
இல்லை, ஐந்து பள்ளி.
ஜூனிலிருந்து ஐந்து.
வாய்க்கு இன்னும் பழகவில்லை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரைபடம்:
ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு
நூற்றெண்பது கிலோமீட்டர் கோதுமை நிலம்,
இப்போது எல்லாம் வெள்ளை.
பிரிவு முழுமைக்கும் ஓர் இயற்பியல் ஆசிரியர்.
லார்க்மியரில் அவர் பலகையில் எழுதினால்
காரோவேலில் திரையில் தெரியும்.
அங்கே பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் என்றால்
டெஸ்ஸா ராய்மர் மட்டும்.
அவளுக்குச் சளி பிடித்தால்
வகுப்புக்கே சளி.

நார்டால் பள்ளியை மூடலாமா என்று
பிப்ரவரியில் அந்தப் பள்ளியின் கூடத்திலேயே கூடினார்கள்.
மடக்கு நாற்காலிகள். பெரிய காபிப் பானை.
குழு உறுப்பினர் ஏழு பேர். மூன்று கை, மூன்று கை.
கடைசியாக உயர்ந்த கை டார்லீன் ஹவ்ரிலுக்கினுடையது.
அந்த ஊர்க்காரர். அந்தப் பள்ளியில் படித்தவர்.

ஏழு பிள்ளைகள், வெடித்த கொதிகலன், ஒழுகும் கூரை.
கணக்கில் பிழை இல்லை.
பிழையில்லாத கணக்கை
ஊர் மன்னித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.
கூட்டுறவுக் கடையில் பாலுக்கு நீண்ட கைகள்
அவரைக் கண்டதும்
தயிர்ப் பக்கம் நகர்ந்தன.
மார்ச்சில் பதவி விலகினார்.

ஆகஸ்டில் பதினான்காம் தடத்துக்கு ஓட்டுநர் இல்லை.
மூன்று முறை விளம்பரம் கொடுத்தேன்.
வந்தது ஒரே விண்ணப்பம்.
'ஏன் இந்த வேலை?' என்ற கட்டத்தில்
சாய்வான கையெழுத்து:
"ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்
கூடுதல் பயணம் என்று அறிக்கை சொன்னது.
வாசித்துவிட்டுத்தான் கை தூக்கினேன்.
அந்த ஐம்பத்திரண்டு நிமிடம்
எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்ததில்லை."

ஐந்து மணிக்கு அவர் கூப்பிடுகிறார்.
பின்னால் எஞ்சின் இருமுகிறது.
"இங்கே நாற்பத்தொன்று."
இங்கே முப்பத்தொன்பது, என்கிறேன்.
"இங்கே நாற்பத்தொன்று, காற்றைக் கணக்கில் சேர்க்காமல்."
பிரிவு முழுமைக்கும் ஒரே தெர்மாமீட்டர்,
என் அலுவலகச் சுவரில்,
வெயில் படாத பக்கம்.
அப்படித்தான் விதி.

வரைபடத்தின் மேல் காபிக் கோப்பை விட்ட வட்டம்
சரியாக நார்டாலின் மேல்.
துடைத்தேன். போகவில்லை.

மற்றத் தடங்கள் ஓடும், என்றேன்.
பதினான்கு மட்டும் இன்று வேண்டாம்.
அப்படி ஓர் உத்தரவுக்குப் படிவம் கிடையாது.

கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
பிறகு டார்லீன்:
"ஃப்ரீசன் வீட்டில் இருவரும் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார்கள்.
ஜெரிக்கோவின் அம்மா பன்றிப் பண்ணையில்
இரவு வேலை முடிந்து இன்னும் வரவில்லை.
அவன் வேறு
வகுப்பில் காட்ட ஏதோ வைத்திருக்கிறான்,
மூன்று நாளாக, ஒரு காலணிப் பெட்டியில்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
"பழைய பள்ளியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது" என்றார்,
"குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது.
அங்கே விளக்கெரிந்தால்
கேட்காதே."

கேட்கவில்லை.
ஒன்பதரைக்கு அந்தப் பக்கம் போன பனி வாரும் வண்டிக்காரர்
ரேடியோவில் சொன்னார்:
நார்டாலில் புகைபோக்கி புகைகிறது,
சன்னலுக்குள் யாரோ
காலணிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.
பெட்டிக்குள் என்ன என்று
அவருக்குத் தெரியவில்லை.

வருகைப் பதிவேட்டில்
பதினான்காம் தடம், ஏழு பேர்,
வரவில்லை என்று எழுதினேன்.
காரணம்: குளிர்.