மூன்றரை

பழவூருக்கு மேற்கே, எண்பது மீட்டர் உயரத்தில்,
கிரீஸ் அப்பிய கையுறையைக் கழற்றிவிட்டு
போனை எடுத்தேன்.
“தங்கதுரை சாருங்களா? பேங்க்ல இருந்து பேசறனுங்க.”
கோயம்புத்தூர்ப் பேச்சு.
என் பழைய கார்டுப் பாக்கியை
அவர்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாமாம்.
ஆறு மாசத்துக்கு வட்டி ஒன்றே ஒன்று.
“என்னங்க சார், அங்க ஒரே இரைச்சல்?”
காத்து என்றேன்.
மாசியில் ஏது காத்து.
மாசானம் போல்ட்டு இறுக்கும் மெஷின் அது,
விளக்கிச் சொல்லச் சோம்பல்.

போன வைகாசியில் பையன் முழங்கை.
நாகர்கோவிலில் பிளேட்டு வைத்து, ஆறு ஸ்குரூ:
நாற்பத்தாறாயிரத்து முந்நூறு.
ஃபிரிட்ஜ் இருபத்திரண்டாயிரத்துக்குப் பத்து ரூபாய் கம்மி.
மீதிக்கு ஆள் தெரியவில்லை.
பெட்ரோல், பலசரக்கு,
கட்டத் தவறிய ரெண்டு மாசத்து அபராதம்.
மொத்தம் எண்பத்து நாலாயிரம்.

பியூலாவிடம் “மினிமம் கட்டியாச்சு” என்பேன்.
அவள் காதில் “கட்டியாச்சு” மட்டும் விழும்.
நானும் திருத்தவில்லை.

மார்க்கர் இருந்தது. தாள் இல்லை.
மெஷின் கூட்டின் உட்சுவரில் எழுதினேன்.
மாசம் மூன்றரை வட்டி: 2,940.
அதன்மேல் ஜிஎஸ்டி: 529.20.
நான் கட்டுவது: 4,200.
கழித்தால்,
எண்பத்து நாலாயிரத்தில் இந்த மாசம் குறைவது
730.80.
ரெண்டு தடவை கழித்துப் பார்த்தேன்.
ரெண்டு தடவையும் அதே எண்பது காசு.

மூன்றரை எனக்குப் புதுசில்லை.
காத்து நொடிக்கு மூன்றரை மீட்டர் வந்தால்தான்
இந்த மெஷினில் கரண்டு பிறக்கும்.
அதற்குக் கீழேயும் இறக்கை சுற்றும்.
நாலுவழிச் சாலையில் காரில் போகிறவன்
பிள்ளைக்குக் காட்டுவான், பாரு ஓடுது என்று.
இங்கே மீட்டரில் பூஜ்யம்.
பூஜ்யம்கூட இல்லை,
உள்ளே லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும்
வெளியிலிருந்து கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும்.
பத்து மாசமாக
அப்படித்தான் சுத்தியிருக்கிறேன்.

“என்னல, டார்க்கு கணக்கா?” மாசானம் எட்டிப் பார்த்தான்.
“வட்டி.”
கொஞ்ச நேரம் சுவரைப் படித்தான்.
“எனக்கு ரெண்டு கார்டு கிடக்கு. நீ எழுதுனது போக
இடம் இருந்தா எனக்கும் போடுடே.”

மாற்றினால்:
கட்டணம் ரெண்டு சதம், 1,680.
அதற்கும் ஜிஎஸ்டி உண்டு, அந்தப் பெண் சொல்லவில்லை: 302.40.
வட்டி இறங்குவதில் மாசம் 2,478 மிச்சம்.
இருபத்து நாலாம் நாளில் கட்டணம் கழிந்துவிடும்.
அதே நாலாயிரத்து இருநூறை
பங்குனியில் தொடங்கி ஆவணி வரைக்கும் கட்டினால்
மிஞ்சுவது 64,170.
இருந்த இடத்திலேயே கிடந்தால் 79,137.
அதற்குள் ஆனி வரும், ஆடி வரும்,
காத்துக்காலப் படி வரும்,
பையனுக்குப் பிளேட்டை எடுக்க வேண்டியும் வரும்.
அந்த வரியை எழுதாமல் விட்டேன்.

மூணு மணிக்கு அவளே திரும்பக் கூப்பிட்டாள்.
ஏழாவது மாசம் வட்டி என்ன என்றேன்.
“பழையபடி மூணரைங்க.”
கட்டணத்துக்கு ஜிஎஸ்டி?
“அது தனிங்க சார்.”
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
யாரோ பக்கத்தில் நடந்து போகக் காத்திருந்தவள்போல:
“புதுக் கார்டுல சாமான் எதுவும் வாங்கிடாதீங்க சார்.
நான் அப்படித்தான் பண்ணிட்டனுங்க.”
சரிம்மா என்றேன்.
உடனே பழைய குரலில், “ஓடிபி வந்துதுங்களா?”

ராத்திரி பியூலாவிடம் எண்பத்து நாலாயிரம் என்றேன்.
ஃபிரிட்ஜைத் திறந்தாள்.
ஒன்றும் எடுக்காமல்
கொஞ்ச நேரம் அதன் வெளிச்சத்தில் நின்றாள்.
“மினிமம்னா என்ன?” என்று கேட்டாள்.

சுவரைத் துடைக்காமலே இறங்கிவிட்டோம்.
அடுத்த சர்வீசுக்கு ஏறுகிறவன் பார்ப்பான்:
730.80, கீழே ரெண்டு கோடு.
எந்தப் போல்ட்டுக்கு இவ்வளவு இறுக்கம் என்று
புத்தகத்தைப் புரட்டித் தேடுவான்.