வெண்ணெய் இல்லாத டிசம்பர்

ஓலசுண்ட் துறைமுகத்துக் கடையில்
வெண்ணெய்த் தட்டு காலியாகி ஆறு நாள்.
தாழி ஒன்றும் உடையவில்லை.
கோடை மழையில் பால் கொஞ்சம் சுண்டியது,
மிச்சத்தை
ரொட்டியைக் கைவிட்ட ஊர் தின்றுவிட்டது.

என் கணவர் டூர்லைஃப்பும்தான்.
படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்.
செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை
உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி
"இனி இது வேண்டாம்" என்றார்.
இருபத்திரண்டு வருடமாக
பின்னிரவு மூன்று மணிக்கு எழுந்து
ரொட்டி சுடுகிறவள் நான்.
எதுவும் சொல்லவில்லை.
அந்தக் கிழங்கை நானே தின்றேன்.

பதினோரு கிலோ போயிற்று.
படகு ஏணியில் முழங்கால் முனகுவதில்லை.
சர்க்கரை இறங்கியது
கெட்ட கொழுப்பு ஏறியது
ஒரே ரத்தம், ஒரே தாள்.
மருத்துவர் ஹெஸ்தால் அதைப் பார்த்து
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
வோல்டாவிலிருந்து வந்திருக்கும் இளையவர்
அதையே பார்த்துக் கைகுலுக்கினார்.
வானொலியில் இரண்டு பேராசிரியர்கள்
ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள்
வானிலை அறிக்கை வரும்வரை.
பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்றால்
பத்து வருடம் கழித்துச் சொல்வார்கள் போலிருக்கிறது.
அதுவரை
இவர் முட்டை வெண்ணெயில் நீந்தும்.

"மாவு விஷமாமே, ஹெர்டிஸ்?" என்று
இலையுதிர்காலத்தில் சிரித்துவிட்டுப் போனவள்
நேற்று வந்து
கிறிஸ்துமஸுக்கு ஏழு வகை பிஸ்கட் கேட்டாள்.
ஏழும் வெண்ணெய் கேட்கும்.

வீட்டுக் குளிர்பெட்டியில் கால் கிலோ இருந்தது.
தாளின் மேல் பென்சிலால் அவர் பெயர்.
மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போய்
மாவில் போட்டுப் பிசைந்தேன்.
திருட்டு என்றால் திருட்டுதான்.

இங்கே பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்கு முன்பே கடைக்கு வந்து நின்றார்,
வெறும் தாள் கையில்.
கத்துவார் என்று நினைத்தேன்.
என் மணிக்கட்டைப் பிடித்து
விரலிடுக்கில் ஒட்டியிருந்த மாவை
மோந்தார்,
நெடுநேரம்,
பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கிறவரைப் போல.
பிறகு விட்டுவிட்டு
உப்புக்கண்டம் வாங்கப் போனார்.

எது அவரைக் காக்கும், எது கொல்லும்,
படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள்.
நான் ஒரு பிஸ்கட்டை மட்டும்
கணக்கில் சேர்க்காமல்
சமையலறை மேசையில் வைத்தேன்.

சாயங்காலமும் அது அங்கேயே இருந்தது.
ஓரத்தில் மட்டும்
எலி கொறித்த அளவுக்கு ஒரு குறை.

எங்கள் வீட்டில் எலி கிடையாது.