பதினோரு கிராம்

கண்ணாடியை லாரியில் ஏற்றி
மலையிலிருந்து இறக்குகிறோம்.
இருபத்துமூன்று டன்.
ஒசியெல் ஓட்டுகிறான், நான் முன்னால் நடக்கிறேன்.
என் நடையை வண்டி முந்தக் கூடாது.
சாலையில் ஒரு கூழாங்கல் தென்பட்டால்
குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன்.
அட்டகாமாப் பாலைவனத்தில்
கல் பொறுக்கச் சம்பளம் வாங்குபவள்
அநேகமாக நான் ஒருத்திதான்.

கொட்டகையில் அமிலம் காத்திருக்கிறது.
இரண்டு வருடத் தூசி,
ஓர் அந்துப்பூச்சியின் ஒற்றைச் சிறகு,
பழைய அலுமினியம்,
எல்லாம் சாம்பல் நீராய் வடிகாலுக்குப் போகும்.
மிஞ்சுவது தேன்நிறத்தில் வெறும் கண்ணாடி.
பிறகு காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள்
புது அலுமினியம் ஆவியாகிப் படியும்.
மொத்தம் பதினோரு கிராம்.
எர்மோஹெனெஸ் குடித்துவிட்டு நசுக்குகிற
பீர் டப்பா அதைவிடக் கனம்.

அந்த எட்டு நாளும் மலைக்குக் கண் இல்லை.

புதன் இரவு
மறந்துவைத்த ஸ்பேனரை எடுக்க மேலே போனேன்.
கூரைக் கதவைச் சோதிக்கத் திறந்துவைத்திருந்தார்கள்.
கண்ணாடி இருந்த பள்ளத்தில் இறங்கி நின்றேன்.
தலைக்கவசத்தைக் கழற்றினேன், ஏன் என்று தெரியாது.

மேலே அந்த நீளப் பிளவில்
ஒரு செயற்கைக்கோள் கடந்தது.
அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது.
விழும் வேகத்திலேயே பக்கவாட்டிலும் ஓடுவதால்
தரை அதனடியில் வளைந்து வளைந்து நழுவிவிடுகிறது.
கடன்காரன் வரும் தெருவுக்கு
ஒரு திருப்பம் முன்னாலேயே திரும்பிவிடும்
என் தம்பி மாதிரி.

நட்சத்திரங்கள் வேறு கதை.
ஒவ்வொன்றும் தன்மேல் தானே
இடிந்து விழப் பார்க்கிற வீடு.
உள்ளே அடுப்பு எரியும்வரை சுவர் நிற்கும்.

அவற்றுக்கும் பின்னால்
என் கண்ணுக்கு எட்டாத ஏதோவொன்றிலிருந்து
எழுநூறு கோடி வருடமாக வருகிற வெளிச்சம்.
அது கிளம்பியபோது பூமி இல்லை, சூரியனும் இல்லை.
ஊதாவாகக் கிளம்பியது
வழியெல்லாம் வழியே நீண்டுகொண்டு போனதில்
தானும் நீண்டு சிவந்துபோனதாம்.

வீப்கே ஒருநாள் சாப்பாட்டு அறையில் விளக்கினாள்:
திராட்சை போட்ட ரொட்டி உப்பும்போது
திராட்சைகள் விலகுமே, அதுபோல.
எங்கள் ரொட்டியில் திராட்சை கிடையாது என்றேன்.
பிறகு நான் சொன்னேன்:
எங்கள் மீன்பிடிக் கரையில் நிலம் குலுங்கிய மறுவாரம்
அளவைக்காரர்கள் வந்து முக்காலி நட்டார்கள்.
ஊர் முக்கால் மீட்டர் மேற்கே போய்விட்டது என்றார்கள்.
வாசலுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே
நான் எண்ணிப் பார்த்தேன், அதே பதினாறு எட்டு.
யாரும் நடக்கவில்லை,
காலடியில் இருந்தது நகர்ந்திருக்கிறது.
வீப்கேயின் கரண்டி பாதியில் நின்றது.
ஆமாம், பக்கத்தில் இருப்பவை
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்,
தூரத்தில் இருப்பவைதான் போகும் என்றாள்.
மறுவாரம் பார்வையாளர்களிடம்
என் கோழிக்கூண்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
என் பெயரைச் சொல்லவில்லை.

எங்கே இருந்தேன்? பள்ளத்தில்.
எழுநூறு கோடி வருடம் வந்தது
இறங்க வேண்டிய இடத்தில்
கண்ணாடி இல்லை.
நெலிடா கோல்கே இருந்தாள்,
மூன்று நாள் குளிக்காத தலையோடு.
என் முடியில், தோளில், பூட்ஸ் நுனியில்
விழுந்து விழுந்து முடிந்துபோனது.
கனமாக இருக்கும் என்று நினைத்தேன்போல,
கையை நீட்டிப் பார்த்தேன்.
குளிர்தான் தெரிந்தது.

ஓர் எண் இல்லை, ஒரு படம் இல்லை.
பதிவேட்டில் அந்த வாரத்துக்கு
ஒரே கோடு கிழித்திருப்பார்கள்.
அப்படிப் பார்த்தால்
இந்த மலையைத் தவறவிட்டதெல்லாம்
ஒசியெலின் லாரிக் கூரையிலும்
அடிவாரத்துக் குவானாக்கோவின் முதுகிலும்
தினமும் இப்படித்தான் விழுகிறது.
அவை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

கீழே வந்து பார்த்தால்
கேட்டது பதினேழாம் எண் ஸ்பேனர்,
என் கையில் பத்தொன்பது.
மறுபடியும் ஏறினேன்.