ஒன்றும் செய்யாததன் வேகம்

கீழே டயர் கடை.
கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம்
மேலே என் எண்கள் நடுங்கும்.
அதனால் பெஞ்ச்மார்க் எல்லாம்
காத்தமுத்து ஷட்டரை இறக்கிய பிறகுதான்.
மஞ்சக்குப்பத்தில் ஒன்பதரைக்கு மேல்
மின்சாரம் கொஞ்சம் யோக்கியமானது.

கெடிலத்திலும் பெண்ணையிலும்
பாலத்தூணில் கட்டிய சென்சார்கள்
நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் சொல்லும்.
அதைச் சுருக்கி அனுப்பும் புரோகிராம் எங்களுடையது.
எவ்வளவு வேகம் என்று கேட்பவருக்குக் காட்ட
ஒரே ஒரு கோப்பு,
நாலாயிரத்து இருநூறு வரி.
முதல் வரியில் குணசுந்தரியின் பெயர்,
கடைசி வரியில் அவள் பெங்களூருக்குப் போன தேதி.
நடுவில்
சுருக்குவதன் சோதனைக்குள் விரிப்பதன் சோதனை,
யாரோ கமெண்ட் ஆக்கிப் புதைத்த அறுபது வரி,
‘இதைத் தொடாதே’ என்று ஓர் எச்சரிக்கை,
எதை என்று சொல்லாமல்.

ஒரு புள்ளி மாற்றினாலும்
கம்பைல் ஆகப் பதினொரு நிமிடம்.
அதற்குள் எதிர்க்கடைக் கல்லில்
இரண்டு செட் புரோட்டா இறங்கிவிடும்.

பிரித்துவிடலாம் என்றேன்.
பரங்கிப்பேட்டையிலிருந்து ஃபோனில்
முபீனா சிரித்தாள்:
“பாகப்பிரிவினையா? கிணறு யாருக்கு?”

கிணறு பொதுதான்.
கடிகாரம், சூடேற்றும் சுற்றுகள்,
ஒரு மழை மாதத்தின் மாதிரிப் பதிவுகள்
எல்லாம் ஒரே கோப்பில்.
சுருக்குவது தனி. விரிப்பது தனி.
வரிசைப்படுத்துவதை இரண்டாக வெட்டி,
வெட்டியது தப்பென்று மறுநாள் ஒட்டினேன்.
செக்சம் கணக்கு ஒரு வீடு,
அதைச் சோதிப்பது பக்கத்து வீடு.
எங்கும் சேராத மூன்று சோதனைகள்
‘மற்றவை’க்குள் போயின.
எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருக்கிறது.

யார் யார் வந்திருக்கிறீர்கள் என்று
மெயின் கோப்பு இப்போது கேட்பதில்லை,
அவரவரே வந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.
விரிப்பவை மட்டும் இரண்டு நாள் வரவில்லை.
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாததால்
லிங்கர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது.

செவ்வாய் இரவு, பத்தரை.
சுருக்கம்: பழைய எண்ணேதான்.
விரிப்பு: பழையதைவிட மயிரிழை கூட.
செக்சம்: மூன்று நானோசெகண்டாக இருந்தது
நூற்றுத் தொண்ணூறு.

ஒரு வரி மாற்றவில்லை. இடம்தான் மாற்றினேன்.
பிரௌசரை மூடி ஓட்டினேன்.
சார்ஜரைப் பிடுங்கி, மாட்டி, ஓட்டினேன்.
கம்ப்ரஸரோ என்று இறங்கிப்போய்ப் பார்த்தேன்.
ஷட்டருக்கு முன்னால்
நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குத்தான் உறைத்தது.
ஒரே கோப்பில் இருந்தவரை
கம்பைலருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது,
இந்த விடையை யாரும் வாங்கப் போவதில்லை என்பதும்.
கணக்கையே போடாமல்
வெறும் சுற்றைச் சுற்றிக் காட்டியிருக்கிறது
கோடி கோடி முறை, மூன்று வருடமாக.
அந்த மூன்றைத்தான் நாங்கள்
கலெக்டர் ஆபீஸ் திரையில்
கொட்டை எழுத்தில் காட்டினோம்.
குணசுந்தரிக்கு அதற்குத்தான் கைதட்டல்.
நடுவில் ஒரு சுவர் எழும்பியதும்
அந்தப் பக்கம் யாராவது வாங்குவார்களோ என்று
பயந்துபோய்
வேலை செய்திருக்கிறது.

அவளுக்கு எழுதினேன், அழித்தேன்.
முபீனாவுக்கு எண்ணை மட்டும் அனுப்பினேன்.
“ஆத்துக்கு இது தாராளம்,” என்று பதில்.
“ஸ்லைடுக்குத்தான் பத்தாது.
ஐப்பசிக்கு ஆறு வாரம் இருக்கு, தூங்கு.”

எல்லாம் குடியேறிவிட்டது.
‘இதைத் தொடாதே’ மட்டும் கையில் நின்றது.
எந்தக் கோப்புக்கு உரியதென்று தெரியாமல்
‘மற்றவை’யின் கடைசியில் ஒட்டிவிட்டு
விளக்கை அணைத்தேன்.