எர்த்

இருபதாவது கொண்டை ஊசி தாண்டியும்
டூல்ஸ் பையில் சேலத்துச் சூடு ஆறவில்லை.

நாகலூர். ஃபெலிசிட்டா அக்கா வீடு.
மழை பிடித்தால் கிரைண்டர் சுர்ரென்கிறதாம்.
பார்த்தேன்: த்ரீ பின் பிளக்கில்
பெரிய பின்னை மட்டும் பிடுங்கியிருந்தார்கள்,
சாக்கெட்டில் ஏறவில்லை என்று.

"பேஸ் கொண்டுவரும், நியூட்ரல் கொண்டுபோகும்.
எர்த்துக்கு என்ன வேலை?"
"சும்மா இருக்கிறது."
"அதுக்கா நாலாயிரம்?"

எட்டடி தோண்டணும். மூன்றடியில் பாறை.
இடம் மாற்றி, பாத்திரம் கழுவின தண்ணீர் போகும்
சில்வர் ஓக் ஓரமாய்ப் பைப்பை இறக்கினேன்;
ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு கல்லுப்பு.
கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொன்னேன்.

சித்திரையில்
செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஹோல்டர் எண்ணும்போது போன்:
"தவறாம ஊத்துறேன் தம்பி.
ஒண்ணுமே நடக்கலையே?"

"அதான்க்கா."