ஏழு கிலோமீட்டர் பாக்கி

இருபத்திரண்டு வருடமாய் அண்ணா சாலையில்
இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
ரசீது இல்லை. கையெழுத்து பொருந்தவில்லை.
எரிந்தது கடைதான் என்பதற்கு ஆதாரம் போதவில்லை.
அப்படிப்பட்டவள்
தை மாதத்தில் மூன்று நாளை
சைக்கிளுக்கும் காலுக்கும் துடுப்புக்கும்
எழுதிக் கொடுத்தேன்.

வியாசர்பாடிப் பள்ளியில்
ஒன்பது பிள்ளைகளுக்குக் காதுக் கருவி வேண்டும்.
ஆறு வயது அப்ரார்
பேசுகிறவர் உதட்டையே பார்ப்பான்.
முதல் தடவை, பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று
வாயைத் துடைத்துக்கொண்டேன்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று
தெரிந்தவர்கள் படிவத்தை நிரப்பினார்கள்.
மேலாளர் ஐம்பது ரூபாய் போட்டு
அடைப்புக்குறிக்குள் 'முடித்தால் மட்டும்' என்றார்.
குடியிருப்புச் செயலாளர் கோதண்டபாணி இரண்டு ரூபாய்.
கையெழுத்து மட்டும் பெரிது.

முதல் நாள் பழவேற்காடு போய்த் திரும்ப
நூற்றுப் பதினெட்டு.
மீஞ்சூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள்
தோளை உரசுகிறாற்போல் போயின.
சாம்பல் பல்லில் நறநறத்தது.
வழியில் இரண்டு பெட்ரோல் பங்க்,
இரண்டிலும் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு,
சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.
மணலியில் பர்வீனின் டயர் வெடித்தபோது
மூன்று பேருக்கும் சந்தோஷம்,
இறங்கி நிற்க ஒரு காரணம் கிடைத்ததே என்று.

இரண்டாம் நாள்
கலங்கரை விளக்கத்திலிருந்து கோவளம்.
முப்பத்தொன்று.
பட்டினப்பாக்கத்தில் மீன் அலம்பிக்கொண்டிருந்தவள்
'பஸ்ஸு இல்லியாம்மா?' என்றாள்.
வேறு சொல்ல ஒன்றுமில்லை.
பனையூர் வரை கால் என்னுடையது.

மூன்றாம் நாள் கோவளத்திலிருந்து நீலாங்கரை,
கடல் வழி பதினெட்டு.
பாதுகாப்புக்குப் பின்னால் வந்த ஃபைபர் படகில் தேசிங்கு.
தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
'வன்னி இழுக்குது மேடம்.
தெண்டியா இருந்தா அதுவே கொண்டுபோய் வுட்ரும்' என்றார்.
அப்புறம்,
'இதுக்கு இன்னா குடுக்கறாங்கோ?'
'எங்களுக்கா? நாங்கதான் பணம் கட்டி வந்திருக்கோம்.'
எஞ்சின் சத்தத்துக்குள் அதை வெகுநேரம் யோசித்தார்.
'டெய்லி நானுந்தான் போறேன்.
கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா யாராச்சும் தருவாங்களான்னு
கேட்டுச் சொல்லுங்கோ.'

பதினொன்று முடிந்த இடத்தில் கயாக் கவிழ்ந்தது.
அடியில்
எஞ்சின் இல்லை, பர்வீனின் கத்தல் இல்லை,
என் பெயர் இல்லை.
மேலே வந்த பிறகும் காது திறக்கவில்லை.
தேசிங்கின் வாய்
திறந்து திறந்து மூடியது.
அந்த உதட்டையே பார்த்தேன்.

படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்பது விதி.
இரண்டு கையாலும் பிடித்தேன்.

படிவத்தில் நூற்று அறுபது என்று எழுதினேன்.
'நூற்று அறுபத்தேழுன்னே போடேன், யார் பார்த்தா?'
என்றாள் பர்வீன்.
நான் பார்த்தேன்.
மேலாளர் அடைப்புக்குறியைத் தொட்டுக் காட்டினார்.
அவர் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

செவ்வாய் விடிகாலை நாலரைக்குத் தொலைபேசி.
'மேடம், அந்த ஏழு பாக்கி நின்னுச்சே,
வலைக்குப் போறப்ப எஞ்சின் போடாம
துடுப்புலயே தள்ளிட்டேன். எழுதிக்கோங்கோ.'
ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன்.
வாய்ப் பழக்கம்.
படம் வந்தது.
மங்கலாய் அரைக் கூடை சங்கரா மீன்,
ஓரத்தில் அவர் கால் கட்டைவிரல்.
கடல் இல்லை. தேதி இல்லை. தூரம் இல்லை.

அலுவலகம் திறந்ததும் அச்செடுத்து
மேலாளர் மேசையில் வைத்தேன்,
மேலே சிவப்பு மையில்
'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி,
கீழே
கோதண்டபாணியைவிடப் பெரிதாய்
என் கையெழுத்து.