கேத்தி பாலாடாவுக்கு மேலே

பெங்களூரிலிருந்து கொச்சி
வான்வழியில் முந்நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர்,
பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம்
என்கிறது ஜெசிந்தாவின் டூட்டி பட்டியல்.
அந்தக் கணக்கில் நான் இல்லை.
நான் இருப்பது
இருபத்தொன்பதாவது நிமிடத்துக்கு நேர் கீழே,
கேரட் கழுவும் ஷெட்டில்,
எடைமேடைக்குப் பக்கத்து நாற்காலியில்.

விமானம் இருபத்தாறாயிரம் அடியில் போகுமாம்.
பாலாடாவே ஏழாயிரம் அடி.
எங்கள் பங்குக்கு மலை
ஏற்கெனவே கொஞ்சம் ஏறி வைத்திருக்கிறது.
மிச்சம் பத்தொன்பதாயிரம்,
கிலோமீட்டரில் ஆறுகூட வராது.
நெட்டுக்குத்தாக நிற்கும் அந்த ரோட்டைப்
படுக்கவைத்தால்
ஊட்டி பஸ் ஸ்டாண்டு வருமுன்னே தீர்ந்துவிடும்.

ஆனால் அவள் வீட்டுக்கு வருவதென்றால்
மைசூர், குண்டல்பேட்டை,
நேரம் தப்பினால் பந்திப்பூர் கேட்டில்
விடியும்வரை காத்திருப்பு,
யானை குறுக்கே நின்றால்
அது நகரும்வரை.
ஒன்பது மணி நேரம். பத்து.
வந்த முதல் நாள் முழுக்கத் தூங்குவாள்,
இரண்டாம் நாள் பெட்டி கட்டுவாள்.

எங்கள் தொழிலில் இப்படி நடக்காது.
ஒரே மூட்டைக்கு இரண்டு எடை காட்டினால்
தராசைக் கழற்றி
கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவோம்.

மத்தியானம் இரண்டு நாற்பது.
மழை மாதங்களில் சத்தம் மட்டும் வரும்,
அதையும் கழுவும் மெஷின் தின்றுவிடும்.
தங்கலட்சுமி ஓடிப்போய் சுவிட்சை அணைப்பாள்.
"அண்ணி போறாங்க!"
எந்த விமானம் போனாலும்
அவளுக்கு அண்ணிதான்.
ஒரு தடவை ராணுவ ஹெலிகாப்டருக்கும்
கரண்ட்டை நிறுத்தினாள்.

தை மாதம், உறைபனி விழுந்த மறுநாள்,
கழுவிவிட்ட மாதிரி வானம்.
கூரைக்கு வாங்கிய புதுத் தகரம் ஒன்றைச்
சாக்கால் துடைத்து
வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன்.
அந்த வெள்ளைக் கோடு தெரிந்ததிலிருந்து
குன்னூர்ப் பக்கம் கரையும்வரை
ஆட்டிக்கொண்டே நின்றேன்.
மேட்டுப்பாளையம் லாரிக்காரன்
என்னைப் பார்த்துவிட்டு
தங்கலட்சுமியைப் பார்த்தான்.
அவள் வாயில் விரலை வைத்தாள்.

ராத்திரி போனில் ஜெசிந்தா:
"இன்னைக்குப் பதினாலாவது வரிசையில ஒரு பொடியன்
கீழ ஏதோ மினுக்குதுன்னு கூப்பிட்டான்.
கை நிறைய காலிக் கோப்பை.
நான் குனியறதுக்குள்ள றெக்கை மறைச்சிடுச்சு.
குளமா இருக்கும் கண்ணா,
பெல்ட்டைப் போடுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கொட்டாவி விட்டாள்.
"ஆமா, நம்ம பக்கம் குளம் இருக்கா என்ன?"

இருக்கு, என்றேன்.
சின்னதுதான்.
மத்தியானத்தில மட்டும் தெரியும்.

மேஸ்திரி இரண்டு முறை கேட்டாயிற்று.
அந்தத் தகரத்தை மட்டும்
இன்னும் கூரையில் அடிக்கவில்லை.